பூட்டிய கடைகளும் கரைந்த முதலும்

கொரோனாக் காலத்துப் பொருளாதார இழப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் எண் எப்போதும் முன்னால் வந்து நிற்கும். 2020இல் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 3.6 சதவீதத்தால் சுருங்கியதாக மத்திய வங்கி அந்த ஆண்டுக்கான அறிக்கையில் கூறியது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தது. எண்ணை மட்டும் பார்த்தால், ஒரு வருடம் கால் சறுக்கியது, பிறகு எழுந்தாயிற்று. 2022 நெருக்கடியின் பேரிரைச்சலில் அந்த ஒரு வருடமும் பின்னுக்குப் போய்விட்டது. இன்று யாரிடம் கேட்டாலும் “எல்லாம் கோட்டாவின்ர காலத்து வரிசையோட போனது” என்றுதான் சொல்வார்கள்.

கடந்த சில மாதங்களாகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் முன்னர் சிறு கடைகளும் தொழில்களும் நடத்தியவர்களோடு பேசி வருகிறேன். தையற்கடை, தேத்தண்ணிக்கடை, சலூன், பலசரக்குக் கடை, மரக்கறி வியாபாரம், சவுண்ட்ஸ் வாடகை என்று பலவகை. அவர்களில் பலருக்குக் கடை போனது எரிபொருள் வரிசைக் காலத்தில் அல்ல. அது அதற்கு முன்னரே போய்விட்டது. ஆனால் ஊரடங்கு நேரத்தில் பூட்டிய கதவு அப்படியே கிடந்ததும் இல்லை. திறந்தார்கள், சில மாதங்கள் நடத்தினார்கள், பிறகுதான் பூட்டினார்கள். இந்த இடைவெளிக்குள் நடந்தது என்ன என்பதுதான் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் நாட்களை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. யாழ்ப்பாணம் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், வேறு மாவட்டங்களில் சில மணிநேரம் தளர்த்தப்பட்டபோதும் இங்கே தளர்த்தப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அப்படிப் போனது. ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்து பேலியகொட மீன் சந்தை மூடப்பட்டது. டிசெம்பரில் மருதனார்மடம் சந்தைக் கொத்தணி. 2021 மே 21 முதல் ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஒன்றரை வருடத்துக்குள் ஒரு சிறு வியாபாரி திரும்பத் திரும்ப வருமானம் இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார்.

“யுத்தத்துக்குள்ளயே கடை நடத்தின ஆக்கள், ஒரு மாதம் பூட்டினதுக்கா விழுந்தவை?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தபடி வியாபாரம் நடந்தது. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனம் தென்மராட்சியில் தெருவோரம் நான்கு தடியும் ஒரு படங்கும் கட்டித் தேத்தண்ணி விற்றது. வன்னியில் கடைசிக்காலத்தில் கடைகளும் சனத்தோடு சேர்ந்து கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்தன. மெனிக் பாம் முட்கம்பிக்குள்ளும் கூடாரத்து வாசலில் சீனியையும் தேயிலையையும் சிறு பொதிகளாகக் கட்டி விற்றார்கள்.

வியாபாரத்துக்கு வேண்டியது சனம் ஓரிடத்தில் கூடுவதுதான். போர் எங்களை எங்கெங்கோ துரத்தியது. துரத்திய இடங்களிலெல்லாம் எங்களைக் கும்பலாகவே குவித்தது. அந்தக் கும்பலுக்கு யாரோ ஒருவர் சாமான் விற்றார். பெருந்தொற்று கைவைத்தது சரியாக அந்த ஒன்றில்தான். சனம் கூடக் கூடாது. சந்தை கூடாது, கலியாணம் கூடாது, திருவிழா கூடாது. ஆகவே போர்க்காலத்தில் கற்ற பிழைப்பு வித்தை எதுவும் இங்கே உதவவில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் நம்பி வருடம் முழுக்கக் கடன் சமாளிக்கும் கச்சான் வியாபாரிக்கும் வளையல் கடைக்காரருக்கும் 2020, 2021 இரண்டு வருடங்களும் வழமையான சனக்கூட்டம் இல்லாமலே கழிந்தன. பாடசாலைகள் 2020 மார்ச் நடுப்பகுதியிலேயே மூடப்பட்டதால் சீருடை தைப்பவர், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், பாடசாலை வான் ஓடுபவர் எல்லோருக்கும் ஊரடங்குக்கு முன்னரே வருமானம் நின்றுவிட்டது.

எல்லோரும் விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரதேச செயலகத்தில் பாஸ் எடுத்து வீடு வீடாகச் சாமான் கொடுத்த பெரிய பலசரக்குக் கடைகளுக்கு அது நல்ல காலம். லொறியும் களஞ்சியமும் வைத்திருந்தவர் வென்றார். ஒரு சைக்கிளும் ஒரு மேசையும் வைத்திருந்தவர் தோற்றார்.

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். கிளிநொச்சிப் பக்கம் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அக்கா என்னிடம் சொன்னது இது: “தம்பி, கடை பூட்டினதால எனக்கு நட்டமில்லை. பூட்டியிருக்கேக்க சாப்பிட்டதுதான் நட்டம்.” வீட்டுக்கு வந்து அவர் சொன்ன கணக்கை எழுதிப் பார்த்தேன். தொகைகளைச் சற்று உருட்டியிருக்கிறேன், போக்கு மாறாது.

கடையின் மொத்த முதல் 3 இலட்சம் ரூபா. அதில் 70,000 ரூபா கொப்பிக் கடனாக ஊருக்குள் நிற்கிறது. மிச்சம் தட்டில் சாமானாக இருக்கிறது. நாளொன்றுக்கு 12,000 ரூபாவுக்கு விற்பனை. நூற்றுக்குப் பத்து இலாபம் என்றால் 1,200. மின்சாரம், போக்குவரத்து என 200 போனால் கையில் 1,000. வீட்டுச் செலவும் நாளுக்கு 1,000. சேமிப்பு இல்லை, ஆனால் முதல் குறையவும் இல்லை. வடக்கில் ஆயிரக்கணக்கான கடைகள் இப்படித்தான் வருடக்கணக்கில் ஓடின.

இப்போது ஒரு மாதம் பூட்டு. வீட்டுச் செலவு 30,000 ரூபாவும் முதலிலிருந்து போகிறது. பெரும்பாலும் தட்டிலிருந்த அரிசி, பருப்பாகவே போகிறது. திகதி முடிந்ததும் எலி கடித்ததுமாக 20,000. வாடகை, லீசிங் கட்டணம் 15,000. கொப்பிக் கடனில் பாதி திரும்பி வருகிறது, பாதி வருவதே இல்லை. கூலி வேலை செய்தவருக்கும் வேலையில்லை, அவரிடம் என்னவென்று கேட்பது? அது 35,000. மொத்தம் ஒரு இலட்சம். மீதி 2 இலட்சத்தில் இன்னும் 35,000 ஊருக்குள் இழுபடுவதால் தட்டில் இருப்பது 165,000 ரூபாச் சாமான்.

கடை திறந்தாயிற்று. அரசாங்கத்தின் பார்வையில் இது “வழமைக்குத் திரும்பிய” வியாபாரம். ஆனால் பத்துச் சாமான் எழுதிக்கொண்டு வருபவருக்கு இந்தக் கடையில் ஆறுதான் இருக்கிறது. அவர் அடுத்த முறை சந்தியில் உள்ள பெரிய கடைக்குப் போகிறார். விற்பனை பாதியாகி 6,000 ஆகிறது. இலாபம் 600, செலவு 200, கையில் 400. வீட்டுச் செலவு மட்டும் அதே 1,000. நாளொன்றுக்கு 600 ரூபா முதலிலிருந்து குறைகிறது, மாதம் 18,000. வேறு எந்த அடியும் விழாவிட்டாலும் ஒன்பது மாதத்தில் தட்டு வெறுமையாகிவிடும். ஆனால் வேறு அடிகள் விழுந்தன. அந்த அக்கா 2021 முற்பகுதியில் கடையை விட்டார். அந்த நேரத்தில் ஊரடங்கு இல்லை. ஆகவே அந்த மூடல் எந்தப் பெருந்தொற்றுக் கணக்கிலும் வராது. “வியாபாரம் சரிவரேல்லை” என்று ஊர் சொல்லியது, அவ்வளவுதான். முதலுக்கே மோசம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதன் முழு அர்த்தமும் இந்த ஒன்பது மாதக் கணக்குக்குள் இருக்கிறது.

கொப்பிக் கடனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பழைய பழக்கம் போலத் தெரியலாம். கிராமத்தில் அதுதான் வங்கி. கடலுக்குப் போகாத கிழமை, மழை பெய்து கூலி இல்லாத நாட்கள், நெல் வெட்டும் வரைக்குமான இரண்டு மாதங்கள் எல்லாவற்றையும் அந்த ஒற்றைக் கோட்டுக் கொப்பிதான் தாங்கியது. வட்டி இல்லை, பிணை இல்லை. கடை போனபோது அந்தக் கடன் வசதியும் போனது. சுப்பர்மார்க்கெட்டில் கொப்பி கிடையாது. ஒரு சிறு கடை மூடப்பட்டால் ஒரு குடும்பம் வருமானம் இழக்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். அதைச் சுற்றியிருந்த முப்பது நாற்பது குடும்பங்கள் வட்டியில்லாத கடனை இழக்கின்றன. அவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிழமைக் கடனுக்குத்தான். நுண்நிதி நிறுவனங்கள் போர் முடிந்து ஏ9 வீதி திறந்த கையோடு வந்தவை. பெண் தலைமைத்துவக் குடும்பங்களையே முதலில் தேடிப்பிடித்தவை. 2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தபோது 220 சதவீதம் வரையான வட்டி பற்றிப் பேசியிருந்தார். அதே ஆண்டு வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை நீக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்தப் புண் ஆறுவதற்குள் கொரோனா வந்தது. நால்வர் ஐவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுக் கடன் என்றபடியால், ஒருத்தியின் தையல் மெஷின் நின்றால் மற்றவர்கள் அவளின் தவணையையும் கட்டவேண்டும். எல்லோரின் மெஷினும் ஒரே கிழமையில் நின்றபோது அந்த முறைக்கே அர்த்தமில்லாமல் போனது. ஊருக்குள் நடந்த சீட்டுக்கும் இதே கதிதான். முதலில் சீட்டு எடுத்தவரால் கட்ட முடியவில்லை, கடைசிவரை காத்திருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாச்சியாக இருந்தவரோடு பேச்சு முறிந்த குடும்பங்களை நான் அறிவேன்.

கடைசியாக இருந்தது நகை. 2020இல் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை புதிய உச்சத்தைத் தொட்டது. அடகுக்கு முன்னரைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள், கொண்டுபோய் வைத்தோம். மீட்க முடியாமல் 2021இல் ஏலத்தில் போன நகையை, ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை நெருங்கிய 2022இல் மறுபடி வாங்க நினைத்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து உடுப்புக்குள் தைத்துக் கொண்டுவந்த தாலிக்கொடிகூட அப்படிப் போயிருக்கிறது. மீள்குடியேற்றத்தின்போது உதவித்தொகையாகக் கிடைத்த சிறு காசோடு அந்த நகையையும் சேர்த்துத்தான் பலர் கடை போட்டிருந்தார்கள்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலிலும் மேயிலும் குடும்பத்துக்கு 5,000 ரூபா கொடுத்தது. மேலே போட்ட கணக்கில் அது ஐந்து நாள் வீட்டுச் செலவு. வங்கி, லீசிங் கடன்களுக்குத் தவணைச் சலுகை அறிவித்தது. ஆனால் தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. பெரிய திட்டம், மத்திய வங்கியின் சௌபாக்யா கொவிட்-19 மறுமலர்ச்சிக் கடன். 4 சதவீத வட்டியில் தொழிற்படு மூலதனம் கொடுக்க 150 பில்லியன் ரூபா வரை ஒதுக்கப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை பெருந்தொற்றுக் காலத்தில் முதல் என்ற பிரச்சினையைச் சரியாக இனங்கண்ட ஒரே திட்டம் இதுதான். வட்டியும் நியாயமானது.

அது போன வழிதான் பிழை. வங்கிகள் ஊடாகவே கொடுக்கப்பட்டது. வங்கி கேட்பது வியாபாரப் பதிவு, கணக்கறிக்கை, நடைமுறைக் கணக்கில் காசு வந்துபோன விபரம், கடன் தகவல் பணியகத்தில் கறையில்லாத பெயர். எங்கள் அக்காவிடம் இருந்தது ஒரு கொப்பி. அதில் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் நாணயம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் எந்த வங்கி முகாமையாளருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. தெற்கிலும் இந்தப் பிரச்சினை இருந்தது. 2020 ஜூனில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, வியாபாரிகளுக்குக் காசு போய்ச் சேரவில்லை என்று மத்திய வங்கி அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்துக் கடிந்துகொண்டது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஏச்சுப் பேச்சால் வங்கிகளின் விண்ணப்பப் படிவம் மாறவில்லை.

வடக்கு இதில் இன்னும் பின்னுக்கு நின்றது. 2013/14 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவசாயம் சாராத தொழில் முயற்சிகள் 10 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கும் கூடுதலானவை நால்வருக்கு மேல் வேலைசெய்யாத நுண் முயற்சிகள். தேசிய உற்பத்தியில் மேல் மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம். வட மாகாணத்தினுடையது 5 சதவீதத்தைச் சுற்றித்தான். வடக்கின் அத்தனை சிறு கடைகளும் ஒரே நாளில் மூடினாலும் கொழும்பில் பார்க்கும் எண்ணில் தசமத்துக்குப் பின்னால்தான் ஏதாவது அசையும்.

கடற்றொழிலிலும் இதே சங்கிலிதான் அறுந்தது. பேலியகொட சந்தை பூட்டியதும் கொழும்புக்கு மீன் ஏற்றிய வியாபாரிகள் வாடிக்கு வருவதை நிறுத்தினார்கள். மீனைச் சாப்பிட்டால் கொரோனா வரும் என்று சனம் பயந்தது. அந்தப் பயத்தைப் போக்க, முன்னர் கடற்றொழில் துறைக்குப் பொறுப்பாக இருந்த திலிப் வெதாராச்சி ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்தது. சிரித்தோம். ஆனால் ஐஸ் விற்பவர், பெட்டி அடிப்பவர், வலை பொத்துகிற பெண்கள், இறங்குதுறைத் தேத்தண்ணிக்கடை என்று ஒரு வாடியைச் சுற்றியிருந்த சிறு வருமானங்கள் அந்தக் கிழமைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

பிறகு வந்தது 2022. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இங்கே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. விலை ஏறும் காலத்தில் தட்டில் சாமான் வைத்திருப்பவருக்கு நட்டமில்லை. 200 ரூபாவுக்கு வாங்கிய சாமானை 350க்கு விற்கலாம். கொரோனாவில் முதலைக் காப்பாற்றிக்கொண்டவர் 2022இலும் பிழைத்துக்கொண்டார். முதல் கரைந்தவருக்கு, கையில் மிஞ்சிய அதே காசுக்குப் பாதிச் சாமான்தான் கிடைத்தது. ஒரே சந்தியில் ஒரு கடை இரண்டு மாடியாகவும் அடுத்த கடை வெறும் தகரக் கொட்டகையாகவும் நிற்பதற்கு உழைப்பும் கெட்டித்தனமும் மட்டும் காரணமில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் நாட்டின் வறுமை 2021இல் 13 சதவீதமளவில் இருந்து 2022இல் 25 சதவீதமாகியது. அந்த ஏற்றத்தை 2022 மட்டும் தனியே செய்துவிட்டதாக நான் நம்பவில்லை.

புலம்பெயர் உறவுகளின் காசு இந்தக் குழியை நிரப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் எங்கள் ஆட்களின் உணவகங்களும் கடைகளும் அதே காலத்தில்தான் பூட்டிக் கிடந்தன. அப்படியிருந்தும் அனுப்பினார்கள். வந்தது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போனது. கடைக்கு முதல் போட என்று அனுப்பியவர்கள் மிகக் குறைவு. உறவில் யாரும் அப்படிக் கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

இப்போது கொழும்பில் சிறு, நடுத்தரத் தொழில்கள் பற்றிய பேச்சு முழுக்கப் பராட்டே சட்டத்தைச் சுற்றியே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். அது 2024 டிசெம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. அது தேவையான நிவாரணம், மறுக்கவில்லை. ஆனால் பராட்டேயில் போவதற்கு வங்கியில் ஈடுவைத்த காணி உறுதி வேண்டும். நான் பேசியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாக்கியமே கிடையாது. காணிக்கு இன்னமும் அனுமதிப்பத்திரம்தான், சிலருக்கு அதுவும் இல்லை. அவர்களிடமிருந்து போனது ஓட்டோவும் தையல் மெஷினும் நகையும்தான். அவை போய் வருடங்களாயிற்று.

2025 மே 6 தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் வடக்கில் இயங்கத் தொடங்கியிருக்கின்றன. வீதி விளக்கும் வாய்க்காலும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஒரு வேலையை அவர்களால் பெரிய செலவில்லாமல் செய்யமுடியும். வியாபார அனுமதிக் கட்டணம் கட்டியவர்களின் பட்டியல் சபைகளிடம் இருக்கவேண்டும். 2019ஆம் ஆண்டுப் பட்டியலையும் இந்த ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சந்தியில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று தெரியும். அனுமதி எடுக்காமலே வீட்டு வாசலில் நடத்தியவர்களைக் கிராம அலுவலரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் அறியும்.

முதலைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் போருக்கு முன்னரே இங்கு வேரூன்றியவை. வங்கி முகாமையாளர் வாசிக்கத் தெரியாத கொப்பியை அந்தச் சங்கத்தின் செயலாளரால் வாசிக்க முடியும், ஏனென்றால் அதிலுள்ள பெயர்களை அவருக்குத் தெரியும். 4 சதவீதக் கடன் வங்கிகளுக்குப் பதிலாக இவற்றின் ஊடாகப் போயிருந்தால், ஒரு கடைக்கு ஓர் இலட்சம் என்ற அளவில், அந்த ஒன்பது மாதக் கரைவை நிறுத்தியிருக்கலாம். கூட்டுறவுகளிலும் ஊழல் உண்டு, அரசியல் உண்டு, கணக்காய்வு பிந்துவதும் உண்டு. இருந்தும் கிழமைக் கடன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்பதைவிட அது மேல்.

கிளிநொச்சி அக்கா இப்போது ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் காலை போய் மாலை வருகிறார். கொப்பியை எறியவில்லை. அதில் இன்னும் வரவேண்டிய காசு எவ்வளவு என்று கேட்டேன். கூட்டிப் பார்த்ததில்லை என்றார். பிறகு, தான் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய 22,000 ரூபாவை மட்டும் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். மாதம் ஆயிரமாகக் கட்டி வருகிறார்.